நாற்பத்தொரு தடவை

அத்தியாயம் 12

திங்கட்கிழமை காலை கொடிக்கம்பத்தடியில் குரு கன்லயா மைக்கில் பேசியதை, லம்பாங்குக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தின் அறுநூறு பிள்ளைகளும் கேட்டார்கள். போன வாரம் நாமும் கேட்டோம்.

"ஒன்பதாம் வகுப்பு, ரெண்டாம் பிரிவு, பதினேழாம் நம்பர் கம்ப்யூட்டர். ஒரே மணி நேரத்துல நாப்பத்தொரு தடவ ஆபாசப் பக்கத்தத் தெறக்கப் பாத்திருக்கு. யாருன்னு நான் பேர் சொல்லல. அங்க உக்காந்தவங்களுக்கே தெரியும். கொஞ்சமாவது வெக்கம் இருந்தாச் சரி."

பேர் சொல்லவில்லை என்பதில் கன்லயாவுக்குத் தன்மேல் ஒரு திருப்தி. கண்டித்த மாதிரியும் ஆயிற்று, பிள்ளையின் மானமும் தப்பியது என்று நினைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் அறையில் பிள்ளைகள் வருகைப் பதிவேட்டின் வரிசை எண்படிதான் உட்காருகிறார்கள். பதினேழு என்றால் புவா என்பது வகுப்புக்கே மனப்பாடம். அந்த வரிசையைப் போட்டதே கன்லயாதான். அவளுக்கு மட்டும் அது தோன்றாமல் போயிற்று.

அன்று மதியச் சாப்பாட்டுக்குள் புவாவுக்கு 'நாப்பத்தொண்ணு' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை.

இன்று வியாழன், வகுப்புக்கொரு பூத்தட்டம் கொடுத்துப் பிள்ளைகள் குருமார்களைக் கும்பிடும் குருவணக்க நாள்.

கன்லயா தன் வெளிர் மஞ்சள் அரசாங்கச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மகள் நிம், ஒட்டரிசிச் சோற்றில் ஓர் உருண்டையை எடுத்து விரலுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தாள். முட்டைப் பொரியல் ஆறிப் போயிருந்தது.

"என்னடி, சோத்த வெச்சுக்கிட்டு வெளையாடற? எட்டு மணிக்குக் கொடி."

"பசிக்கலம்மா."

"மூணு நாளா இதே பாட்டு."

நிம் தலையைத் தூக்கவில்லை. பதினைந்து வயசுப் பெண்ணுக்கு ஆயிரம் இருக்கும் என்று கன்லயாவும் விட்டுவிட்டாள்.

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கன்லயாவின் கணவன் பிரசோங், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் இரண்டு பெஞ்சு வண்டி ஓட்டுகிறவன். முதல் நடை முடியாமல் வீட்டுப் பக்கம் வரவே மாட்டான். இன்று வண்டி நிறையப் பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிட்டு, இரண்டு கையிலும் ஒரு பூத்தட்டத்தை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான். வழக்கமாக "குருவம்மா, கும்பிடறேன்" என்று கேலியோடுதான் நுழைவான். இன்று அது இல்லை.

தட்டத்தில் வாழையிலையை மடித்து மடித்து அடுக்கிக் கோபுரமாக ஏற்றியிருந்தது. சுற்றிலும் இட்லிப் பூ, கத்தரிப் பூ, நடுவில் ஒரு பிடி அருகம்புல்.

"யாரு வீட்டுத் தட்டு?" என்றாள் கன்லயா.

"லமாய் குடுத்து விட்டா. புவாவோட அம்மா."

கன்லயாவின் முகம் கொஞ்சம் இறுகியது. "அந்தப் பொண்ணு ஏன் வரலயாம்?"

"அதத்தான் கேக்கலாம்னு எறங்கிப் போனேன்." பிரசோங் தட்டத்தை மேசைமேல் வைத்தான். "லமாய் எடது கைய ஒடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டு வரா. பத்து நாளைக்கு முன்னாடி ஆபரேஷன். மார்ல கட்டி. எடுத்துட்டாங்களாம். ஊர்ல ஒருத்தருக்கும் சொல்லல. புருஷனும் இல்லாத வீடு. புள்ள ஒருத்திதான் எல்லாம் பாக்கறா."

கன்லயா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தனக்குத் தொணையா ரெண்டு நாள் வீட்லயே இருக்கா, அதான் வரலன்னு லமாய் நெனச்சுக்கிட்டிருக்கா. வகுப்புத் தட்ட இந்த வருஷம் புவாதான் தூக்கணுமாமே? 'எம்பொண்ணு வரலன்னு வகுப்பு வெறுங்கையோட நிக்கக் கூடாதுண்ணே, குரு கன்லயா கையில குடுத்துடுங்க'ன்னா. ஒத்தக் கையால மடிச்சிருக்கா இத."

"ம்."

"இன்னொண்ணும் கேட்டா." பிரசோங் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். "ஆஸ்பத்திரியில ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்களாம். புண்ணக் கழுவறது, புண்ணுல வெச்ச கொழாயில சேர்ற தண்ணிய எடுக்கறது, கையத் தூக்கிப் பழகறது, எல்லாம் வீடியோவா இருக்கு பாத்துக்கங்கன்னு. அவங்க வீட்ல பட்டன் போனுதான். புள்ள பள்ளிக்கூடத்துல பாத்துட்டு வரேன்னு போன வாரம் சீட்டக் கொண்டு போனாளாம். அங்க தெறக்கவே இல்லன்னாளாம். 'கம்ப்யூட்டர் ரிப்பேரா, குருகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கண்ணே'ன்னா லமாய்."

நிம் சட்டென்று எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கன்லயா மடிக்கணினியைத் திறந்தாள். வேண்டாத பக்கங்களை மறிக்கிற பள்ளிக்கூட ஃபில்டர் அனுப்பும், தடுக்கப்பட்ட பக்கங்களின் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் கம்ப்யூட்டர் நம்பர், நேரம், வகை, எண்ணிக்கை என்று நாலு கட்டம். வரியைத் தொட்டால் எந்தப் பக்கம் என்ற முகவரியும் வரும். ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் மைக்கில் படிக்கப் பார்த்தபோது அவள் தொடவில்லை. எண்ணிக்கையில் எது அதிகம் என்று மட்டும் பார்த்தாள். வகை என்ற கட்டத்தில் 'ஆபாசம்' என்று இருந்தது. அதுவே போதும் என்று மூடிவிட்டாள்.

இப்போது தொட்டாள். நாற்பத்தொரு தடவையும் ஒரே முகவரி. 'மார்பக அறுவைக்குப் பின் வீட்டில் கவனிப்பு' என்று ஆஸ்பத்திரியின் பேரோடு அச்சடித்த மாதிரி இருந்தது.

அந்தப் பிள்ளை வேறு எதையும் தேடிப் பார்க்கக்கூட இல்லை. சீட்டில் எழுதியிருந்ததையே திரும்பத் திரும்ப அடித்திருக்கிறாள்.

"ஒரு தொடு தொட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்," என்றாள் கன்லயா.

வாசலில் பிள்ளைகள் ஹாரனை அமுக்கி விளையாட ஆரம்பித்திருந்தார்கள். "தட்ட நீயே கொண்டு போயிடு," என்று சொல்லிவிட்டுப் பிரசோங் போனான்.

*

தலைமை ஆசிரியர் விசானு நல்ல மனுஷர்தான். ஆனால் எந்தச் சங்கடத்தையும் ஒரு பழக்கூடையில் கட்டிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி.

"சாயங்காலம் ஒரு நல்ல கூடையா வாங்கிக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க. என் பங்குக்கு ரெண்டு பால்பவுடர் டின் தரேன். முடிஞ்சுது."

"மைக்ல சொன்னத மைக்லதான் சார் சரி பண்ணணும்."

விசானு கண்ணாடியைக் கழற்றினார். "இன்னிக்கா? பிள்ளைங்க வந்து கும்பிடற அன்னிக்கு ஒரு குரு எந்திரிச்சு நின்னு மன்னிப்புக் கேக்கறதா? நாளையிலேருந்து ஒவ்வொருத்தன் ஒவ்வொரு குருவக் கேப்பான். பெத்தவங்க காதுல விழுந்தா ஃபில்டரே வேணாம்பாங்க. அது வந்தப்பறந்தான் பதினொண்ணாவது பசங்க சூதாட்டத்த விட்டானுங்க. அந்த ஏழாவது படிக்கிற கொழந்தைய நெனச்சுப் பாருங்க."

நினைக்கச் சொல்ல வேண்டியதே இல்லை. கம்ப்யூட்டரில் வேறு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நடித்து, ஏழாம் வகுப்புக் குழந்தை ஒன்றை பஸ் ஏறி வரச் சொன்னான் ஓர் ஆள். ஃபில்டர்தான் காட்டிக் கொடுத்தது. கன்லயா பாதிப் பாடத்தில் ஓடிப் போய் பஸ் நிலையத்தில் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்தாள். அதன் அம்மா இன்றைக்கும் வாரம் தவறாமல் பூசணிக்காய் கொண்டுவந்து கொடுக்கிறாள். அந்தப் பெருமைதான் கன்லயாவின் கண்ணை மறைத்தது. அதற்கப்புறம் பட்டியலில் வந்த ஒவ்வொரு நம்பரும் அவளுக்குத் திருட்டு முழி முழிக்கிற ஆளாகவே தெரிந்தது.

"ஃபில்டர் இருக்கட்டும் சார். அது தடுக்கறதோட நின்னுச்சு. மைக்க எடுத்தது நான்."

"சரி, ஒங்க மனசு கேக்கலன்னா ரெண்டு வார்த்த சொல்லிக்கங்க. அந்த அம்மாவோட நோய வெளிய விடாதீங்க. ஒங்க மரியாதையும் கெட வேணாம். பாத்து, பதவிசா."

கன்லயா தலையாட்டினாள். நோயைச் சொல்லப் போவதில்லை என்று அவளும் முடிவு செய்துதான் வைத்திருந்தாள். மூன்றே வாக்கியம். 'நான் பார்க்காமல் படித்தேன். தப்பு என்னுடையது. அந்தப் பிள்ளை எந்தக் குற்றமும் செய்யவில்லை.' படிக்கட்டில் இறங்கும்போது இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

*

மண்டபத்தில் குருமார்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் தரையில். பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு வகுப்பாக முழங்காலால் நகர்ந்து வந்து தட்டத்தைக் கொடுத்துக் கும்பிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு இரண்டாம் பிரிவின் முறை வந்தது. பதினேழு வராவிட்டால் பதினெட்டுதான் தூக்க வேண்டும். பதினெட்டாம் எண் நிம்.

லமாய் மடித்த தட்டத்தை ஏந்திக்கொண்டு கன்லயாவின் மகள் அவள் காலடிக்கு வந்து சேர்ந்தாள். கத்தரிப் பூக்கள் எல்லாம் கீழே பார்த்துக்கொண்டிருந்தன. கன்லயா கை நீட்டி வாங்கினாள். வழக்கப்படி பிள்ளையின் தலையைத் தொட்டு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். "நல்லாப் படி," என்றாள். அதற்குமேல் வரவில்லை. நிம் கீழே குனிந்தவள் மற்றப் பிள்ளைகளைவிட அதிக நேரம் நிமிராமலே இருந்தாள்.

கடைசியில் விசானு, "குரு கன்லயா ஒரு சின்ன அறிவிப்புச் சொல்லுவாங்க," என்று மைக்கைக் கொடுத்தார்.

அறுநூறு முகம். அதைவிட, பக்கவாட்டில் நாற்பது குருமார்களின் முகம். கணக்கு குரு ஏற்கெனவே புருவத்தைத் தூக்கிவிட்டார்.

"திங்கக்கிழம நான் படிச்ச பட்டியல்ல," என்று ஆரம்பித்தாள் கன்லயா. "பதினேழாம் நம்பர்னு சொன்னேன். அது கம்ப்யூட்டர் தப்பாக் காட்டிடுச்சு. அங்க தப்பா எதுவும் நடக்கல. பட்டப்பேர் வெக்கறத எல்லாம் இன்னியோட நிறுத்திக்கணும்."

விசானு முதலில் கைதட்டினார். மண்டபமே கைதட்டியது. கணக்கு குருவின் புருவம் இறங்கிவிட்டது.

கன்லயா நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தாள். மூன்று வாக்கியத்தில் ஒன்றைக்கூட அவள் சொல்லவில்லை. பழியைத் தூக்கி ஒரு மெஷின் தலையில் போட்டுவிட்டு வந்து, மடியில் பூத்தட்டத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

*

ஃபில்டரில் அந்த ஒரு பக்கத்தைத் திறந்துவிட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வீடியோ முழுவதையும் பிரசோங்கின் பழைய போனில் ஏற்றிக்கொண்டு, மதியம் மூன்று பேருமாகப் புறப்பட்டார்கள். நிம்மை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே வந்து பின்பெஞ்சில் ஏறிக்கொண்டாள்.

லமாய் அவர்களைக் கண்டதும் எழுந்து கும்பிடப் போனாள். இடது கை நெஞ்சுக்கு வரவில்லை. வலது கையை மட்டும் பாதிக் கும்பிடாக உயர்த்திவிட்டுச் சிரித்தாள். கன்லயா அந்த ஒற்றைக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"குரு நம்ம வீட்டுக்கெல்லாம் வருவாங்கன்னு நெனக்கவே இல்ல. தட்டு நல்லா இருந்துச்சா? ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். இந்தக் கை ஒத்துழைக்கல."

"சாயல. நேரா இருந்துச்சு," என்றாள் கன்லயா.

புவா பின்பக்கத்திலிருந்து துவைத்த துணி வாளியோடு வந்தாள். குருவைப் பார்த்ததும் நின்றாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மண்டியிட்டுக் கும்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் எப்படிக் கும்பிடுவாளோ அதே மாதிரி.

கன்லயாவுக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. "லமாய், நான் ஒண்ணு சொல்லணும். திங்கக்கிழம பள்ளிக்கூடத்துல..."

"அம்மா, நாந்தான் திங்கக்கிழம குருகிட்டக் கேட்டேன்," என்று புவா குறுக்கே விழுந்து சொன்னாள். "வீடியோ தெறக்கலன்னு. தேடித் தரேன்னாங்க. அதான் கொண்டாந்திருக்காங்க." அவள் யாரையும் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லமாயின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொல்லல? குருகிட்ட ஒரு வார்த்த போட்டு வெச்சா மறக்க மாட்டாங்கன்னு சொன்னேனா இல்லியா?"

கன்லயா வாயைத் திறந்தாள். இந்த அம்மா கேட்டுக்கொண்டிருக்க எப்படிச் சொல்வது? புவா அம்மாவைக் காப்பாற்றுகிறாளா, குருவின் மானத்தைக் காப்பாற்றுகிறாளா? இரண்டையும்தான். தன் மானத்தைச் சந்தியில் இழுத்தவளுக்குப் பதினைந்து வயசுப் பிள்ளை மானப் பிச்சை போடுகிறது. வாங்கிக்கொண்டாள் கன்லயா.

எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிரசோங் மட்டும் மரியாதையாக வெளியே போய் நின்றுகொண்டான். வீடியோவில் ஒரு நர்ஸ், குழாயை எந்த இடத்தில் பிடித்துக்கொண்டு நீரை இறக்குவது என்று காட்டினாள். புவா கண் கொட்டாமல் பார்த்தாள்.

"மேல பிடிக்கணுமாம்மா. நான் கீழ பிடிச்சு இழுத்திருக்கேன். அதான் ஒனக்கு அப்படி வலிச்சிருக்கு."

"வலியெல்லாம் இல்லடி. சும்மா ரெண்டு தரம் கத்தினேன்," என்றாள் லமாய்.

நிம் எழுந்து வெளியே போனாள்.

புறப்படும்போது வேலிப் படலைத் திறந்துவிட புவா கூடவே வந்தாள். அம்மாவுக்குக் கேட்காத தூரம். கன்லயா நின்றாள்.

"நாளைக்கு வந்துடும்மா. இன்னிக்கு மைக்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். ஒன் மேல தப்பு இல்லன்னு. கம்ப்யூட்டர் தப்பாக் காட்டிடுச்சுன்னு."

புவா அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டரா குரு?"

கன்லயா பார்வையைப் படலின் பக்கம் திருப்பினாள். "சரிங்க குரு," என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு, புவா படலைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

*

வண்டி நெல்வயல் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. பின்பெஞ்சில் தாயும் மகளும் எதிரெதிரே. கன்லயா தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, பட்டியல்ல பதினெட்டாம் நம்பரப் பாத்தியா?"

"நீ உக்கார்ற எடம். அதுல ஒண்ணும் இல்லியே. ஒரு தடுப்புக்கூட விழல."

"ஏன் விழலன்னு பாக்கலயா?"

கன்லயா நிமிர்ந்தாள்.

"ஒன்னோட பாஸ்வேர்டப் போட்டுத் தெறந்தேன். குருங்களுக்கு எதையும் தடுக்காதுல்ல. என் பொறந்த தேதியத்தான வெச்சிருக்க." நிம் நிறுத்தவில்லை. "மூணு மாசமாப் பண்றேன். அன்னிக்கு நான் நாடகம் பாத்துக்கிட்டிருந்தேன். புவா பக்கத்துலேருந்து கேட்டா, ஒரே ஒரு தடவ எனக்கும் போட்டுக் குடு, அம்மாவுக்காகன்னு. மாட்டிக்கிட்டா நீ கொன்னுடுவன்னு முடியாதுன்னுட்டேன். அவ திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டே இருந்தா. எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சும்மா."

முன்னால் பிரசோங் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"திங்கக்கிழம நீ மைக்ல சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்கலன்னா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு."

கன்லயா மகளை அடிக்கக் கை ஓங்கியிருப்பாள், வேறு நாளாக இருந்தால். இன்று கை எழவில்லை. திட்டவும் வாய் வரவில்லை. அந்த வாயில் என்ன இருந்தது என்று மண்டபம் முழுக்கக் கேட்டாயிற்று.

வண்டி ஓரமாக நின்றது. பிரசோங் திரும்பிப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

"நாளைக்குக் காலைல கொடிக்கு எல்லாரும் இருப்பாங்க," என்றாள் நிம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "நான் போய்ச் சொல்லட்டுமாம்மா? இல்ல, இதையும் கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லிடலாமா?"